தரையில் ஊரும் தேனீ

(வெள்ளி விழாவின் கல்வி அமர்வில், சிறார் பகுதிப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



எங்களுக்கு முன்னர்ப் பேசியோர் கல்லூரிக் கல்வி, உதவித்தொகை, போட்டித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினர். அவை யாவும் வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியவை. நாங்களோ நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள சிறாரை மாலை வேளையில் கவனித்து வருபவர்கள். ஆகவே எங்கள் பேச்சு ஒரு பொம்மையைப் பற்றியது. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "வெள்ளி விழா மேடையில் பொம்மையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொம்மையே என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகின்றோம்.

அதன் உருவத்தை முதலில் கூறிவிடுகின்றோம். கவிழ்த்து வைத்த தேங்காய் மூடியைப் போன்ற அளவு. மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகள். இரண்டு கண்கள். அடியில் சிறு சக்கரங்கள். இங்கிலாந்தில் பள்ளிக் கருவிகள் விற்கும் டி.டி.எஸ். என்னும் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தரை ரோபோவுக்குப் பீ-பாட் என்று பெயர். நம் பிள்ளைகள் முதல் நாளிலேயே அதற்குத் தேனீ என்று பெயரிட்டுவிட்டனர். நாங்களும் அவ்வாறே அழைக்கின்றோம்.

தேனீயின் முதுகில் ஏழு பொத்தான்கள் உள்ளன. நான்கு அம்புக் குறிகள். முன் அம்பை ஒருமுறை அழுத்தினால் 15 சென்டிமீட்டர் முன்னே செல்லும். பின் அம்பு அதே அளவு பின்வாங்கச் செய்யும். இட, வல அம்புகள் அதனை நின்ற இடத்திலேயே 90 பாகை திருப்பும். ஒரு பொத்தான் சிறிது நேரம் நிற்கச் சொல்வது. ஒன்று, முன்னர்ச் சொன்னவற்றையெல்லாம் மறக்கச் சொல்வது. நடுவில் இருக்கும் பச்சைப் பொத்தானோ, புறப்படு என்பது. அம்புகளை அழுத்தும்போது தேனீ அசையாது. அழுத்தியவற்றை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். பச்சைப் பொத்தானைத் தொட்டதும் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும். முதலில் வந்த தேனீக்கள் 40 கட்டளைகள் வரை நினைவில் கொள்வன. திரை கிடையாது. படிக்கத் தெரிய வேண்டியதுமில்லை. குழந்தையும் தரையும் தேனீயும் இருந்தால் போதும்.

இவ்வளவு எளிய பொருளைப் பற்றி இத்தனை பெரியோர் முன்னிலையில் பேசத் துணிந்ததற்கு முதல் நாளன்று நிகழ்ந்த ஒன்றே காரணம்.

தரையில் சதுரங்கள் வரைந்து, ஒரு மூலையில் மாம்பழப் படம் ஒன்றை வைத்திருந்தோம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தேனீயை அங்கே அனுப்ப வேண்டும். ஐந்தாறு அம்புகளை அழுத்தினான், பச்சையையும் அழுத்தினான். தேனீ மாம்பழத்தை விட்டு எதிர்ப்புறம் சென்று சுவரில் முட்டி நின்றது. மேசைமேல் கிடந்த அடிக்கோலை எடுத்து வந்து, தேனீயின் முதுகில் இரண்டு அடி வைத்தான். பிள்ளைகள் சிரித்தனர். எங்களுள் ஒருவர், "ஏன்ப்பா அடிச்சே?" என்று கேட்டார். "தப்பாப் போச்சில்லக்கா, அதான்" என்றான்.

தேனீ நீ சொன்னபடிதான் சென்றது, நீ என்ன சொன்னாய் என்று நடந்து பார் என்று சதுரங்களுக்குள் அவனையே நிறுத்தினோம். ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக்கொண்டே நடந்தான். மூன்றாம் அடியில் நின்றான். இடம் என்று அழுத்த வேண்டிய இடத்தில் வலம் என்று அழுத்தியிருந்தான். அது அவனுக்கே தெரிந்துவிட்டது. அடுத்து அவன் செய்ததுதான் எங்களை இன்றளவும் உறுத்துவது. பிழை தன்னுடையது என்று தெரிந்த மாத்திரத்தில், யாரும் எதுவும் சொல்லாமலே, எங்கள் முன் வந்து உள்ளங்கையை நீட்டினான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்துள்ளது. சட்டம் வந்து ஆண்டுகள் பல ஆயின. கை மட்டும் இன்னும் நீள்கின்றது. அக்கையை யார் பழக்கினார்கள் என்று ஆராய நாங்கள் விரும்பவில்லை. வீடோ, பள்ளியோ, சில வேளைகளில் நாமேயோ பழக்கியிருக்கலாம். பிழை செய்தால் திருத்தலாம் என்பதற்கு முன்னால், பிழை செய்தால் அடி விழும் என்பதை அப்பிள்ளை கற்றிருந்தான். அன்று அடி விழவில்லை. "அழிச்சிட்டு மறுபடி போடு" என்று மட்டும் சொன்னோம். இரண்டாம் முறை தேனீ மாம்பழத்துக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றது. மூன்றாம் முறை சேர்ந்தது.

இப்பொறியை முதன்முதலில் எண்ணியவர் மனத்திலும் இதே சிக்கல்தான் இருந்தது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் 1928இல் பிறந்தவர் சீமோர் பேப்பர்ட். கணித அறிஞர். வெள்ளையர் சமூகத்தில் பிறந்தும் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்றவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில், குழந்தைகளின் சிந்தனை வளரும் விதத்தை ஆராய்ந்த ஜான் பியாஜேவுடன் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்தபோது, 1967இல் வாலஸ் ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கினார். அதுவே லோகோ. அந்நாளில் கணிப்பொறி என்பது பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வைத்திருக்கக்கூடிய விலையுயர்ந்த பொருள். அதைக் குழந்தையிடம் கொடுப்பதா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள்.

லோகோவின் கட்டளைகளைக் கண்ணால் காண்பதற்காக, 1970ஆம் ஆண்டையொட்டி ஒரு பொறியைச் செய்தனர். சக்கரங்கள் மேல் கவிழ்ந்த ஓடு போன்ற ஒன்று. வயிற்றில் ஒரு பேனா. தரையில் பெரிய தாளை விரித்து விட்டால் ஊர்ந்துகொண்டே கோடு வரையும். அதற்கு ஆமை என்று பெயர். (இப்பெயருக்கும் முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1948, 49 ஆண்டுகளில் கிரே வால்டர் என்னும் அறிஞர் எல்மர், எல்சி என இரு இயந்திர ஆமைகளைச் செய்திருந்தார். அவை ஒளியை நாடித் தாமாக ஊர்வன. எவருடைய கட்டளைக்கும் காத்திராதவை.) பேப்பர்ட்டின் ஆமையோ குழந்தையின் சொல்லுக்குக் காத்து நின்றது. முன்னே 50, வலம் 90 என்று சொல்லி, அதனை நான்கு முறை செய்யச் சொன்னால் சதுரம் வரும். வட்டம் எப்படி வரும்? குழந்தை எழுந்து தானே நடந்து பார்க்கும். சிறிது முன்னே, சிறிது திரும்பு. மீண்டும் சிறிது முன்னே, சிறிது திரும்பு. ஒரு பாகை வீதம் 360 முறை திரும்பினால் வட்டம் முடிந்துவிடும். வடிவியலை உடம்பால் அறிவது என்பது இதுதான். கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டிய ஆசிரியரிடம் நாம் கற்ற வட்டம் வேறு. நடந்து கற்ற வட்டம் வேறு.

1980இல் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். கணிப்பொறியைக் கொண்டு குழந்தையை ஆட்டுவிக்கும் வழக்கத்தை அதில் அவர் மறுத்தார். குழந்தைதான் கணிப்பொறியை ஆட்டுவிக்க வேண்டும் என்றார். பிழையைப் பற்றி அவர் கூறியது எங்களுக்கு இன்னும் பெரிதாகப் படுகின்றது. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுபவர் எவரும் முதல் முறையே சரியாக எழுதிவிடுவதில்லை. எங்கே பிசகியது என்று தேடித் திருத்துவதே அவருடைய அன்றாட வேலை. பள்ளியிலோ விடை சரி அல்லது தவறு. அத்துடன் கணக்கு முடிந்தது. ஆமையுடன் விளையாடும் குழந்தை, இதை எப்படித் திருத்துவது என்று கேட்கப் பழகுகின்றது.

பேப்பர்ட்டின் ஆமைக்குக் கட்டளை தர எழுத்துக்கள் தெரிந்திருக்க வேண்டும். விசைப்பலகையில் தட்ட வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை தேடியவர் அதே கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர். அவர் பெயர் ரேடியா பெர்ல்மன். 1970களின் நடுவில், மழலையர்க்கென்று டார்ட்டிஸ் என்னும் கருவியை அமைத்தார். முதலில் பொத்தான்கள் கொண்ட பெட்டிகள். பின்னர் வந்தது அதனினும் நயமானது. நீண்ட பெட்டியில் துளைகள் வரிசையாக இருக்கும். படம் போட்ட அட்டைகளைக் குழந்தை அத்துளைகளில் செருக வேண்டும். வரிசையின் பொத்தானை அழுத்தினால், ஆமை ஒவ்வோர் அட்டையாகச் செய்யும். எந்த அட்டையைச் செய்துகொண்டிருக்கின்றதோ, அதனருகே விளக்கு எரியும். ஆகவே எங்கே பிசகியது என்பதைக் குழந்தை கண்ணாலேயே பிடித்துவிடலாம். வரிசைகளுக்குத் தனித்தனி நிறம். ஒரு நிற அட்டையை வேறு வரிசையில் செருகினால், அந்த நிற வரிசை முழுவதையும் செய்துவிட்டு வா என்று பொருள். கல்லூரியில் கணிப்பொறி படிக்கும் நம் இளைஞர்களுக்கு இது என்னவென்று விளங்கும். எழுத்தறியாத குழந்தை அதை அட்டையால் செய்தது.

இந்த அம்மையார் பின்னாளில், 1985இல், கணிப்பொறிகளை இணைக்கும் வலைகளில் செய்திகள் சுற்றிச் சுற்றி வந்து அடைத்துக்கொள்ளாதபடி காக்கும் ஒரு முறையை வகுத்துப் பெரும்புகழ் பெற்றார். ஆனால் குழந்தைகளுக்கான ஆய்வை அவர் தொடரவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணத்தை நம் சிறார் பகுதி அக்காமார்கள் கேட்க வேண்டும். பெண்கள் மிகக் குறைவாக இருந்த இடம் அது; சின்னஞ்சிறு குழந்தைகளோடு விளையாடும் வேலையைச் செய்தால் தம்மை அறிவியலாளர் என்று எவரும் மதிக்கமாட்டார்களோ என்று அவர் கூச்சப்பட்டாராம். குழந்தைகளோடு தரையில் அமர்வோரின் வேலையை மதிப்பில்லாததாக எண்ணும் வழக்கம் அங்கும் இருந்திருக்கின்றது. அதனால், தாமே தொடங்கிய துறையைத் தாமே விட்டு அகன்றார். அத்துறை மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் ஆயின. இன்று அமெரிக்காவில் மரக்கட்டைகளை அடுக்கி ரோபோவுக்குக் கட்டளை தரும் கிபோ என்னும் கருவியும், இங்கிலாந்தில் கியூபெட்டோ என்னும் மரப்பெட்டி ரோபோவும் உள்ளன. நம் தேனீயும் அதே குடும்பம்தான்.

பொருள் தானே பிழையைக் காட்ட வேண்டும், ஆசிரியர் காட்ட வேண்டியதில்லை என்னும் எண்ணம் கணிப்பொறிக்கும் முற்பட்டது. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில், மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அது செல்வர் வாழும் பகுதியன்று. கூலி வேலைக்குச் செல்லும் தாய் தந்தையர் வீட்டில் விட்டுச் செல்லும் பிள்ளைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்குகின்றனர் என்று கட்டட உரிமையாளர்கள் ஒதுக்கிக் கொடுத்த அறை அது. அங்கே அவர் தந்த கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் பத்து மர உருளைகளும் கொண்ட கட்டை. ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்துவிட்டால், கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் கையில் நின்றுவிடும். யாரும் தவறு என்று சொல்லத் தேவையில்லை. குழந்தை தானே தேடும். இந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர் மூண்டமையால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சிலகாலம் இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருந்தொகை வாங்கும் பள்ளிகள் இன்று ஏராளம். அவர் தொடங்கியது யாருடைய பிள்ளைகளுக்காக என்பதை மட்டும் நாம் மறவாதிருந்தால் போதும்.

இனி நம் கூடத்திற்கு வருவோம். பிள்ளைகள் தேனீயோடு என்னென்ன பிசகுகின்றனர் என்பதைக் கவனிப்பதே எங்களுக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

இட அம்பை அழுத்தினால் தேனீ இடப்பக்கக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும் என்று பெரும்பாலான பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது நகராது, திரும்பும். திரும்பிய பின் முன் அம்பு வேண்டும். திரும்புதல் வேறு, நகர்தல் வேறு என்று பிரித்தறியச் சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரங்கள் ஆயின. வேறொரு சிக்கல், தேனீ நம்மை நோக்கி நிற்கும்போது வருவது. அதன் வலம் நமக்கு இடம். பெரியவர்களே தடுமாறுகின்றோம். பிள்ளைகள் இதற்குத் தாமே ஒரு வழி கண்டனர். எழுந்து சென்று தேனீக்குப் பின்னே, அது பார்க்கும் திசையையே பார்த்துக் குந்திக்கொள்கின்றனர். பிறர் நின்று பார்க்கும் இடத்தில் தானும் நின்று பார்ப்பது என்பது எத்துணைப் பெரிய பாடம்! நாங்கள் கற்பித்ததன்று.

எண்ணுவதில் வரும் பிழை இன்னொன்று. தேனீ நிற்கும் கட்டத்தையும் சேர்த்து ஒன்று என்று எண்ணிவிடுகின்றனர். ஆகவே ஒரு கட்டம் கூடுதலாகப் போய்விடுகின்றது. இதில் ஒரு வேடிக்கை கண்டோம். வீட்டில் பாட்டியோடு தாயம் ஆடிப் பழகிய பிள்ளைகள் இப்பிழையைச் செய்வதேயில்லை. காய் இருக்கும் கட்டத்தை எண்ணக்கூடாது என்பது அவர்கள் விரலுக்கே தெரிந்திருக்கின்றது. தாயக்கட்டையைச் சூதாட்டம் என்று பறித்து வைத்த தாய்மார்கள் இங்கே இருப்பின், தயைகூர்ந்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தாமல் புதிய கட்டளைகளைப் போட்டால், தேனீ பழையதையும் செய்து புதியதையும் செய்யும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, "இது பழசை மறக்கவே மாட்டேங்குதுக்கா" என்று முறையிட்டாள். அதன் பின் ஒவ்வொரு முறையும் அவள்தான் முதலில் அப்பொத்தானை அழுத்தி, பிறருக்கும் நினைவூட்டுவாள்.

ஒரு நாள் படங்களுக்குப் பதிலாக நம் தெருவையே கட்டங்களில் வரையச் செய்தோம். வீடுகள், குழாயடி, நியாயவிலைக் கடை, இக்கூடம், பள்ளி எல்லாம் பிள்ளைகளே வரைந்தார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குத் தேனீயை அனுப்பச் சொன்னோம். ஒரு சிறுமி நேராக மூன்று முன் அம்புகளைப் போட்டாள். வழி அப்படி இல்லையே, குளக்கரை வழியாகச் சுற்றித்தானே போகின்றோம் என்றோம். அவ்வழியாக எண்ணினால் முன் அம்புகள் மட்டுமே ஏழு. "நாமதான் சுத்திப் போறோம், தேனீ எதுக்கு சுத்திப் போகணும்?" என்று கேட்டாள். நேர்வழி ஊர்த்தெரு வழியாகச் செல்வது என்பது இந்த அவைக்குத் தெரியும். அன்று நாங்கள் விடை சொல்லவில்லை. தேனீ நேராகவே சென்றது.

எங்கள் பிழைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில், இவ்வளவு நேரத்தை விளையாட்டிலேயே கழிக்கின்றோமே என்ற பதற்றம் எங்களைப் பிடித்துக்கொண்டது. கட்டங்களில் உயிரெழுத்துக்களை எழுதி, சொல்லும் எழுத்துக்குத் தேனீயைக் கொண்டு சேர்த்தால் மதிப்பெண் என்று அறிவித்தோம். பெயர் எழுதி ஏடும் வைத்தோம். இரண்டாம் நாளே பாதிப் பிள்ளைகள் வாசலில் இருந்த புளியமரத்தடிக்குப் போய்விட்டனர். எஞ்சியவர்கள் தவறிவிடுமோ என்று பொத்தானைத் தொடவே அஞ்சினர். ஏட்டைக் கிழித்த பிறகே கூடம் மீண்டும் நிறைந்தது. எழுத்தைக் கற்பிக்க வேறு நேரமும் வேறு வழியும் உண்டு. விளையாட்டைத் தேர்வாக்கினால் இரண்டும் கெடுகின்றன.

மற்றொன்று, யார் கையில் தேனீ என்பது. ஒரு தேனீக்குப் பதினொரு பிள்ளைகள். விட்டுவைத்தால் வலிய பையன்கள் இருவர் பொத்தானைப் பிடித்துக்கொள்கின்றனர். பெண் குழந்தைகள் படம் அடுக்குவோராகவும் கைதட்டுவோராகவும் ஒதுங்கிவிடுகின்றனர். இதை ஒரு வாரம் கவனியாமல் இருந்தோம். இப்போது மூவர் மூவராக அமர்த்துகின்றோம். ஒருவர் அம்பு அட்டைகளைத் தரையில் அடுக்கி வழியைச் சொல்ல வேண்டும். ஒருவர் அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாமவர், தேனீ ஓடும்போது ஒவ்வோர் அட்டையாகத் தொட்டுக்கொண்டு வந்து, எங்கே பிசகுகின்றது என்று காட்ட வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். சண்டை இல்லாமலில்லை. ஆனால், "நீ சொன்னது தப்பு" என்பது குறைந்து, "இந்த அட்டை தப்பு" என்பது கூடியிருக்கின்றது.

தரையைப் பற்றியும் ஒரு சொல். நம் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வெடிப்புகள் உண்டு. வெடிப்பில் சக்கரம் சிக்கினால் தேனீ கோணலாகத் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கோணல் கூடிக்கொண்டே போகும். விரிப்பின்மேல் விட்டால் சுருக்கத்தில் வழுக்குகின்றது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தை ஒட்டி, 15 சென்டிமீட்டர்க் கட்டங்கள் வரைந்து, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்துக்கொள்கின்றோம். கட்டத்தின் அளவு சரியாக இல்லையெனில் பிள்ளையின் கணக்கு சரியாக இருந்தும் தேனீ தவறும். அப்போது பிழை நம்முடையது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

தேனீயின் விலை சிறிதன்று. கிளைகள் தோறும் வாங்க இயலாது என்று பொருளாளர் முன்பே சொல்லிவிட்டார். கிளைகளில் உள்ள இளைஞர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுண்ணக்கட்டி ஒன்று போதும். பாண்டிக்கு வரைவதுபோல் கட்டம் வரையுங்கள். சற்றுப் பெரிதாக வரையுங்கள். ஒரு பிள்ளை தேனீயாக நிற்கட்டும். மற்றொரு பிள்ளை கட்டளை தரட்டும். சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக்கூடாது என்பதே ஆட்டத்தின் விதி. தேனீ வாங்குமுன் ஆறு மாதம் இவ்வாறுதான் ஆடினோம். இப்போதும் மின்னூட்டம் தீர்ந்த நாட்களில் ஆடுகின்றோம். ஒரு வேறுபாடு மட்டும் கண்டோம். மனிதத் தேனீ இரக்கம் காட்டிவிடுகின்றது. கட்டளை பிசகினாலும், தோழன் நினைத்தது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துச் சரியான கட்டத்துக்கே போய்விடுகின்றது. பொறி ஊகிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்கின்றது. ஆகவே தன் சொல்லில் இருந்த குறை குழந்தைக்கு முழுதாகத் தெரிகின்றது. தெரியும்போது பொறி முகம் சுளிப்பதுமில்லை, ஏளனம் செய்வதுமில்லை. இவ்விரண்டுக்காகவே அதற்குக் கொடுத்த பணம் தகும் என்பது எங்கள் கருத்து.

தேனீயை ஓட்டிய பிள்ளைகள் எல்லாரும் பொறியாளர் ஆகிவிடுவர் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கின்றனர், நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல், ஐந்து வயதில் பள்ளி தொடங்கும் பிள்ளைகளுக்கே கட்டளை வரிசை அமைப்பதும் அதிலுள்ள பிழை களைவதும் பாடத்திட்டத்தில் வந்தன. அதே நாட்டில் 2021இல், அதற்கும் இளைய மழலையருக்கான குறிக்கோள்களில் இருந்து தொழில்நுட்பம் என்னும் தலைப்பை நீக்கிவிட்டனர். அரசுகளே இன்னும் முன்னும் பின்னுமாக அம்புகளை அழுத்திக்கொண்டிருக்கின்றன. நாங்கள் கண்டவை சிறியவை. முன்பு, பின்பு, அதற்கடுத்து என்று வரிசையாகச் சொல்ல வருகின்றது. இடம் வலம் தடுமாறுவதில்லை. பத்துக்குள் எண்ணிக்கை கைவசமாகியிருக்கின்றது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் தலை குனியாமல் காரணம் சொல்கின்றனர். பிறர் கட்டளைக்குக் காத்து நின்ற தலைமுறைகள் பல நம் பின்னே உண்டு. ஆகவே கடைசியாகச் சொன்னது எங்களுக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.

அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது ஏழு வயதாகின்றது. அடிக்கோலால்தான் கட்டங்களுக்குக் கோடு போடுகின்றான். பிறர் போட்டால் கோணுகின்றதாம்.

கழகத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். இரண்டாவதாக ஒரு தேனீ வேண்டும். பதினொருவர் காத்திருப்பது நெடிது. சனிக்கிழமை மாலைகளில் அமர இளைஞர்கள் இருவர் வேண்டும். கணிப்பொறி படித்தவராக இருக்க வேண்டியதில்லை, தரையில் அமரத் தெரிந்தவராக இருந்தால் போதும். பெயர் கொடுப்போர் சிறார் பகுதி மேசையில் கொடுக்கலாம்.

மேடைக்கு இடப்பக்கம் கட்டங்கள் விரித்து வைத்திருக்கின்றோம். தேநீர் இடைவேளையில் பெரியோர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அமரலாம். பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் மறக்கச் சொல்லும் பொத்தானை அழுத்த மறவாதீர்கள். அச்சிறுமி அங்கேதான் நிற்கின்றாள்.